வெறும்படம்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஜெயபால் எடுத்த வெறும்படத்தில் ஏழாவது கோடு லேசாக நெளிந்திருந்தது.

நெளிவு என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒரு அரிசி மணியைக் கோட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தால் எவ்வளவு மேடு தட்டுமோ அவ்வளவுதான். வேறு யாராவது பார்த்திருந்தால் திரையைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஜெயபாலுக்குக் கோடுதான் சோறு போடுகிறது. அவனால் அப்படிப் போக முடியவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. கூரைக்குக் கீழே பன்னிரண்டு பிரஸ்கள். அவற்றில் நான்காம் நம்பரை மட்டும் கறுப்புக் கேன்வாஸால் கூடாரம் கட்டி மூடியிருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற பட்டப்பகலிலும் அந்தத் துணியை விலக்கி உள்ளே போனால் இருட்டு வந்து மேலே அப்பிக்கொள்ளும். தொண்ணூற்றைந்தில் முதலாளி ஜப்பானிலிருந்து வரவழைத்த ஒரு கேமராவுக்காகத்தான் அந்த இருட்டு. அதில் பிலிம் கிடையாது. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு, நொடிக்கு ஐந்நூறு படம் பிடிக்கும். பக்கத்தில் ஒரு விளக்கு, பிரஸ்ஸின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாய் வெளிச்சம் போடும். தட்டையான இடத்தில் கோடு நேராக விழும், மேடு பள்ளம் இருந்தால் வளையும். எவ்வளவு வளைந்தது என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் அந்தப் பொருளின் முழு உருவத்தையும் திரையில் செய்து காட்டும். தகடு அடி வாங்குகிற அந்த ஒரு கணத்தில் எங்கே சுருங்குகிறது, எங்கே கிழியப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை ஏற்பாடும்.

காலையில் முதல் வேலை வெறும்படம். தகடு வைக்காமல், ஆள் நிற்காமல், காலி பிரஸ்ஸை ஒரு படம் எடுத்து, முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'இதுதான் ஒன்றுமில்லாதது' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் எடுக்கிற எல்லாப் படத்திலிருந்தும் அது இந்த ஒன்றுமில்லாததைக் கழித்துக்கொள்ளும். வெறும்படத்தில் இருந்தபடியே இருக்கிற இடம் திரையில் சாம்பலாகத் தெரியும். கேமராவை நோக்கி வருவது வெள்ளை, கிட்டே வர வர இன்னும் வெள்ளை. முன்பு அங்கே இருந்து இப்போது இல்லாமல் போனது கறுப்பு. ஒரு படத்துக்குக் கணக்குப் போட அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆறு நொடி பிடிக்கும். மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரை நிரம்பும்.

அன்று நிரம்பிய திரையில் எல்லாம் சாம்பல், ஒரு புள்ளி மட்டும் வெள்ளை. பனியன் துணியை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தான். துணியில் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. விரலால் தடவினான். இரும்பு இரும்பாகத்தான் இருந்தது. திரும்பி வந்து இன்னொரு படம் எடுத்தான். இப்போது அதே விளிம்பில் வரிசையாக நான்கு புள்ளிகள் இருந்தன.

அந்த விளிம்பு ஜெயபால் மறந்துவிடக்கூடிய இடமல்ல. அவன் தங்கை ரோஸியின் புருஷன் பாஸ்கல் கடைசியாகக் கையூன்றிக் குனிந்த இடம் அது. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம்.

தகடு பளபளவென்று இருந்தால் கோடு அதன்மேல் உட்காராது. ஒவ்வொரு தகட்டுக்கும் டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடி அடித்தாக வேண்டும். அது பாஸ்கலின் வேலை. கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் போடுகிறேன் மச்சான் என்று சொல்லிக்கொண்டு அடிப்பான். ஸ்பிரிட்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை அவன் சட்டையிலிருந்து ரோஸியின் தலையணை வரைக்கும் போயிருந்தது. கை உள்ளே போகாமல் தடுக்க பிரஸ்ஸின் முன்னால் ஒரு கம்பி வலை இருந்தது. கோட்டை மறைக்கிறது என்று கேமரா வந்த வாரமே அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். பிரஸ்ஸை இறக்குகிற பெடல் உத்தமனின் காலடியில் இருந்தது.

உத்தமனும் ஜெயபாலும் அண்ணனூரில் ஒரே தெருக்காரர்கள். பதினாறு வருஷமாக ஒரே ரயிலில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கியவர்கள். ஜெயபாலின் கல்யாணத்தில் பந்தி பார்த்தவன் உத்தமன். பாஸ்கலின் சவப்பெட்டிக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தவனும் அவன்தான்.

பாஸ்கல் செத்த அன்று ஜெயபால் கம்ப்யூட்டர் முன்னால் இதே நாற்காலியில், பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ ஒயரைச் செருகிக்கொண்டிருந்தான். கேமரா ஓடவில்லை. அடுத்த பிரஸ்ஸின் சத்தத்தில் அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு அடிதான். திரும்பினபோது எல்லாம் முடிந்திருந்தது. உத்தமன் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "வுடுன்னான் மாமே. அவன் வாயால 'வுடு'ன்னான். நீயும் கேட்ட இல்ல?"

இந்தப் பக்கத்து வாயில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்பதற்கும் வுடுதான்; ம், போகட்டும், இறக்கு என்பதற்கும் வுடுதான். பாஸ்கல் பொடி போதும், விட்டுவிடு என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்க வேண்டும், உத்தமன் அதை இறக்கு என்று எடுத்துக்கொண்டு பெடலை மிதித்துவிட்டான். விசாரணையில் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். கை உள்ளே இருக்கும்போதே தொழிலாளி தன் வாயால் உத்தரவு கொடுத்தார், யார்மேலும் தப்பில்லை. கழற்றி வைத்த கம்பி வலையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. நீங்கள் கேட்டீர்களா என்று அதிகாரி ஜெயபாலிடம் கேட்டார். பதினாறு வருஷத்துச் சிநேகிதன் காதால் கேட்டேன் என்கிறான். ஜெயபால், கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டான். போட்ட பிறகு, ஆச்சரியம், அவனுக்கு அது நிஜமாகவே கேட்க ஆரம்பித்தது. பாஸ்கலின் குரலிலேயே, சிரிப்போடு. வுடு.

ரோஸி அழவில்லை. கோபப்பட்டாள். எப்போது பார்த்தாலும் வாய், வேலையிலும் விளையாட்டு, அந்த வாயே ஆளைக் கொன்றுவிட்டது என்றாள். கல்யாணப் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். ஒரு வருஷமாகக் கல்லறைப் பக்கம் போகவில்லை, மெழுகுவத்தி கொளுத்தவில்லை, வருஷப் பூசைக்குப் பேர் கொடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கம்பெனி அவளுக்குப் பேக்கிங் ஷெட்டில் வேலை கொடுத்திருந்தது. தினமும் நான்காம் நம்பர் கூடாரத்தைத் தாண்டித்தான் போவாள், தலையைத் திருப்பாமல்.

செவ்வாய்க்கிழமை அந்த நான்கு புள்ளியும் நான்கு விரலாகியிருந்தன.

ஜெயபால் புது வெறும்படத்தைச் சொல்லிக்கொடுக்காமல், சனிக்கிழமை எடுத்ததையே வைத்துக்கொண்டான். ஏன் என்று அவனைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது. தப்பான படத்தை ஒன்றுமில்லாதது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான். விளக்கைக் கழற்றித் துடைத்தான், கேமராவின் கண்ணாடியை ஊதினான், ஒயரை மாற்றினான், கூடாரத் துணியில் ஓட்டை ஏதும் விழுந்து வெளி வெளிச்சம் வருகிறதா என்று நான்கு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தான். ஓட்டை இல்லை. துணியின் உள்பக்கம் சில்லென்று இருந்தது, வெளியே நின்று தொட்டால் வெயிலில் சுட்டது. மத்தியானம் மற்ற பிரஸ்கள் ஓய்ந்த நேரத்தில் ஸ்பிரிட்டும் சுண்ணாம்புமாக ஒரு வாசனை வந்தது. பொடி டப்பா தீர்ந்து பத்து நாளாகிறது.

புதன்கிழமை மணிக்கட்டு வந்தது. அப்புறம் முழங்கை. மேடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு யாரோ கீழேயிருந்து ஏறி வருவதற்குப் பாதி வழியில் நிற்கிற மாதிரி ஒரு கை, சாம்பல் நடுவில் வெள்ளை வெளேரென்று, நகம் உட்பட. தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கே வெறும் இரும்பு. கோடுகள் மட்டும் அந்தரத்தில் எதன்மேலோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்குத் தெரிகிறது, கேமராவுக்குத் தெரிகிறது, தன் கண்ணுக்கு மட்டும் காட்டமாட்டேன் என்கிறது.

எழுந்து போய் அந்த இடத்தில் தன் கையை நீட்டினான். ஒன்றும் படவில்லை. ஆனால் அவன் புறங்கையில் விழ வேண்டிய கோடுகள் விழவில்லை. விளக்குக்கும் அவன் கைக்கும் நடுவே எதுவோ மறைத்தது. அவன் கையின்மேல் இன்னொரு கையின் நிழல், ஐந்து விரலோடு, மெதுவாகப் படிந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அன்று மாலை ரயிலில் உத்தமன் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தான். ஜெயபால் தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை தோளும், குனிந்த தலையின் பின்பக்கமும் வந்திருந்தன. இதற்கு மேல் தனியாகத் தாங்காது என்று உத்தமனைக் கூப்பிட்டான். கோடு சரியாக விழவில்லை, வந்து ஒரு பார்வை பார் என்று மட்டும்தான் சொன்னான். யார், எவர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உத்தமன் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான், திரையைப் பார்த்தான். திடுக்கிடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மூஞ்சி வந்துச்சா?" என்றான்.

ஜெயபால் இல்லையென்று தலையாட்டினான். கண்ணாடி அழுக்காக இருக்கும், நல்லாத் துடை என்று சொல்லிவிட்டு உத்தமன் வெளியே போய்விட்டான். அவன் போன பிறகும் அந்தக் கேள்வி கூடாரத்தை விட்டுப் போகவில்லை. முகம் வரப்போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யாருடைய முகம் என்று அவன் கேட்கவே இல்லையே. அன்று ராத்திரி முழுக்க ஜெயபால் அதையே அசைபோட்டான். தன்னைவிட அதிகமாக உத்தமனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் ஒரு பக்கம். தெரிந்தால் தன்னிடம் சொல்லியிருப்பானே என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். பதினாறு வருஷ நம்பிக்கை, லேசில் போகுமா?

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்து ஷெட் அடங்கினதும் ஜெயபால் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்தான். பெடலைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தான். பிறகு கேமராவை முழு வேகத்தில் ஒரு நொடி ஓடவிட்டான். ஐந்நூறு படம். எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் ஐம்பது நிமிடம் ஆகும், மணி அடித்துவிடும். பத்துக்கு ஒன்றாக ஐம்பது படத்தை மட்டும் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

முதல் படம். குனிந்த முதுகு, மேடையில் ஊன்றின இடது கை. வலது கை நீண்டு எதையோ பிடித்திருக்கிறது, டப்பா பிடிக்கிற வாகில்.

எட்டாவது படம். தலை திரும்புகிறது.

பதினைந்து. காது, கன்னத்தின் மேடு, மூக்கு. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கோணிப்போன மூக்கு.

இருபத்திரண்டு. பாஸ்கல் பெடல் இருந்த பக்கம் பார்க்கிறான். பார்வை இல்லை, கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு மேடுதான். ஆனால் பார்க்கிறான். வலது உள்ளங்கை விரிந்து மேலே எழுகிறது. இரு என்று சொல்கிற கை.

வாய் மூடியிருக்கிறது.

முப்பது. மூடியிருக்கிறது. முப்பத்தைந்து. மூடியிருக்கிறது. உதடு இரண்டும் ஒட்டி, தாடை இறுகி, பல்லைக் கடித்துக்கொண்டு. நாற்பத்திரண்டு. உள்ளங்கை முழுக்க விரிந்துவிட்டது. நாற்பத்தாறு. மேலேயிருந்து ஒரு பெரிய வெள்ளை இறங்குகிறது. பிரஸ் அணைந்திருக்கிறது. அசையவே இல்லை. திரையில் இறங்குகிறது.

நாற்பத்தெட்டு.

ஜெயபால் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது ஐம்பதாவது படம் நின்றிருந்தது. மறுபடியும் முதல் படத்தில் இருந்த அதே குனிந்த முதுகு. அவன் தன் ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், வுடு என்று சொல்லிப் பார்த்தான். உதடு குவிந்து விரலை முன்னால் தள்ளியது. இன்னொரு தடவை சொன்னான். உதட்டைக் குவிக்காமல் அந்தச் சொல்லை எவனாலும் சொல்ல முடியாது. ஒரு வருஷமாகத் தன் காதில் பாஸ்கலின் குரலில் ஒலித்துக்கொண்டிருந்தது எதுவோ, அது பாஸ்கல் சொன்னதல்ல. உத்தமன் சொல்லி, தான் கேட்டது.

துணி விலகியது. உத்தமன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

"அவன் ஒண்ணும் சொல்லல," என்றான் உத்தமன். குரல் சாதாரணமாக இருந்தது. "கால பெடல் மேலயே வெச்சுகினு நிக்கிறது என் பழக்கம். பட்டுடுச்சு. அவ்ளோதான்."

"அப்புறம் இன்னாத்துக்குடா என்னாண்ட அப்பிடி சொன்ன?"

"நீ நம்புவேன்னுதான். நான் சொன்னா எவன் நம்புவான் மாமே? செத்தவனுக்கு மச்சான்காரன் நீ கேட்டேன்னு சொன்ன, அதான் நின்னுச்சு."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் தங்கை புருஷனின் பெயரைக் கெடுக்க அவனுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது, அதற்குத் தோதாகப் பக்கத்திலேயே ஒரு முட்டாள் கிடைத்தான். சவப்பெட்டியைத் தூக்கின தோளில் சாய்ந்துகொண்டு அழுதோமே என்று நினைத்தபோது ஜெயபாலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரோஸியிடம் சொல்லிவிடுவேன் என்றான். தாராளமாகச் சொல், கையெழுத்து உன்னுடையது, காதால் கேட்டேன் என்று எழுதிக் கொடுத்தது நீ என்றான் உத்தமன். தங்கைக்காரி முதலில் யார் முகத்தில் துப்புவாள் என்று யோசித்துக்கொள் என்றும் சொன்னான்.

பிறகு ஜெயபாலைத் தாண்டி வந்து குனிந்து, கம்ப்யூட்டரில் புது வெறும்படம் எடுக்கிற விசையைத் தட்டினான். திரை அப்போதிருந்த பிரஸ்ஸை, அதன்மேல் இருந்ததை எல்லாம் சேர்த்து, ஒன்றுமில்லாதது என்று எழுதிக்கொண்டது. ஆறு நொடியில் வரி வரியாக இறங்கி முழுச் சாம்பலாக நின்றது. கை இல்லை, தோள் இல்லை, தலை இல்லை.

"இப்ப இன்னா கீது அங்க? ஒண்ணும் இல்ல. சொல்லிக் குடுத்தா அதுவும் கேட்டுக்கும், உன்ன மாரியே." துணியை விலக்கிக்கொண்டு வெளியே போகும்போது திரும்பினான். "வுடு மாமே."

அந்தச் சொல் கூடாரத்துக்குள்ளேயே நின்றது.

சனிக்கிழமை உத்தமன் வேலைக்கு வரவில்லை. ரயிலிலும் இல்லை. ஜெயபால் கேமராவை விடாமல் படம் மேல் படமாக எடுக்க வைத்துவிட்டு, காலையிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாம்பல். எந்த மேடும் இல்லை, எந்த நெளிவும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. கழித்துவிட்டதால் தெரியவில்லையே தவிர, அது போய்விட்டது என்று யார் சொன்னது? அங்கேயேதான் குனிந்திருக்கிறது. உள்ளங்கையை விரித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. இல்லை என்று எழுதிவிட்ட பிறகும் இருக்கிறது. ஸ்பிரிட் வாசனை காலையிலிருந்தே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தொண்டையில் சுண்ணாம்பு ருசி தட்டியது.

மூன்று மணிக்குத் துணிக்கு வெளியே செருப்புச் சத்தம் நின்றது.

"அண்ணா." ரோஸியின் குரல். ஒரு வருஷத்தில் அவள் அந்தக் கூடாரத்துக்கு அருகில் நின்றது இதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. துணியை ஒரு கையளவு விலக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்கில் பேக்கிங் ஷெட்டின் நீல அங்கியோடு நின்றாள். முகத்தைப் பிரஸ் பக்கம் திருப்பாமல் அண்ணனையே பார்த்தாள். நாளைக்கு வருஷப் பூசை, பேர் கொடுக்கிறாயா என்று சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார், ஆறு மணிக்குள் சொல்ல வேண்டுமாம் என்றாள். கொஞ்ச நேரம் துணியின் ஓரத்தை விரலால் சுருட்டினாள்.

"ஒரே ஒரு தபா கேக்கறேன், அப்பறம் கேக்க மாட்டேன். அவரு நெசமா அப்பிடி சொன்னாரா? சொல்லலைன்னு நீ சொல்லிட்டா போதும், இப்பவே போய்ப் பேர் குடுத்துட்டு, போட்டோவ திருப்பி மாட்டிடுவேன்."

ஜெயபால் வாயைத் திறந்தான்.

சொல்லிவிடலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை ரோஸி, நான்தான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம். அவள் முகம் எப்படி மாறும் என்று பார்த்தான். முதலில் பாஸ்கலுக்காக அழுவாள். அழுது முடித்ததும் நிமிர்ந்து அண்ணனைப் பார்ப்பாள். அந்தப் பார்வை. அதற்கப்புறம் அவளுக்கு அண்ணன் என்று ஒருத்தன் இருக்க மாட்டான்.

கண்ணைத் திருப்பினான். திரையில் புதுப் படம் இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே சாம்பல். சாம்பல். நடுவில் கறுப்பு.

தலையின் அளவில் ஒரு கறுப்புக் குழி. அதற்குக் கீழே தோளின் அளவில். கையின் அளவில், விரித்த விரலின் அளவில். பாஸ்கலின் உருவத்தில் வெட்டி எடுத்த மாதிரி ஒரு பள்ளம்.

இருந்த இடத்தைவிட்டுப் போனது கறுப்பு.

"அண்ணா? சொன்னாரா?"

எங்கே போனது? திரையில் வேறெங்கும் வெள்ளை இல்லை. இடது ஓரம் பார்த்தான். வலது ஓரம். கேமராவுக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே ஆறடி இருட்டு. கேமராவுக்குப் பக்கத்தில் அவன் நாற்காலி.

"ஆமா," என்றான் ஜெயபால். "சொன்னாரு."

ரோஸி தலையை ஆட்டிக்கொண்டாள். எதிர்பார்த்ததுதான் என்பது போல. துணி விழுந்து மூடிக்கொண்டது. செருப்புச் சத்தம் பேக்கிங் ஷெட் பக்கமாகவே திரும்பிப் போய்க் கரைந்தது. போட்டோ சுவரைப் பார்த்தபடியேதான் இருக்கப்போகிறது.

ஆறு நொடி.

புதுப் படம் மேலிருந்து இறங்கியது. முதல் வரி வெள்ளை. இரண்டாவது வரி வெள்ளை. பாதித் திரை. முழுத் திரை. எங்கும் சாம்பல் இல்லை.

கிட்டே வர வர வெள்ளை.

ஜெயபால் எழ நினைத்தான். கழுத்தின் பின்னால் ஈரமாக, சில்லென்று, பொடி தூவின மாதிரி ஏதோ விழுந்தது. ஸ்பிரிட் வாசனை. சுண்ணாம்பு.

திரும்பவில்லை. திரும்பக்கூடாது. திரையைப் பார்.

அடுத்த படம். வெள்ளைக்கு நடுவில், குறுக்காக, ஒரு மெல்லிய கறுப்புக் கீற்று. மூடின உதடு.

ஆறு நொடி.

கீற்று அகன்றது.

ஆறு நொடி.

உதடு குவிந்திருந்தது.